கையெழுத்திடும் முன்: அரசுப் போக்குவரத்து நிறுவனங்களின் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பேருந்தும் ரயிலும் ஓட்டும் அரசு நிறுவனங்களின் தலைவர்களுக்கும், மேலாண் இயக்குநர்களுக்கும், அவர்களுக்கு மேலே இருந்து முடிவெடுக்கும் துறைச் செயலர்களுக்கும் வணக்கம்.

டீசலைக் குறைக்க வேண்டும், கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று உலகம் முழுக்க நீங்கள் எல்லோரும் இப்போது ஒரே வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். மின்பேருந்து, சார்ஜர், கூரை மேல் சூரியத் தகடு, சில இடங்களில் ஹைட்ரஜன் என்று டெண்டர் மேல் டெண்டர் போகிறது. நடக்க வேண்டிய வேலைதான், சீக்கிரமே நடக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். பேருந்துப் பணிமனையில், பராமரிப்புப் பிரிவில், பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். புது வண்டி வாசலுக்குள் வருகிறது. அந்த வண்டியைப் பற்றிய அறிவும் கூடவே உள்ளே வருகிறதா?

டீசல் காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. இன்ஜினை இறக்கி, பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி ஓடவிடத் தெரிந்த ஆள் ஒவ்வொரு பணிமனையிலும் இருந்தார். பல அரசு நிறுவனங்கள் சேஸிஸை மட்டும் வாங்கி, பாடியைத் தாங்களே கட்டிக்கொண்டன. கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டயர் ரீட்ரெடிங் எல்லாம் சொந்தப் பட்டறையிலேயே நடந்தது. ஒரு வண்டி ஏன் டீசலை அதிகம் குடிக்கிறது என்று கேட்டால், ஃபோர்மேன் புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்த அறிவு நிறுவனத்தின் சொத்து. கணக்குப் புத்தகத்தில் எங்கும் ஏறாததால், அது கைவிட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாது.

இப்போது பரவலாகப் போடப்படும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். வண்டி உற்பத்தியாளருடையது அல்லது குத்தகை நிறுவனத்துடையது. சார்ஜரும் அவர்களுடையது, பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, பல ஊர்களில் ஓட்டுநரும் அவர்கள் ஆள். அரசு நிறுவனம் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறது. இந்த ஏற்பாடு வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. மின்பேருந்தின் வாங்கும் விலை டீசல் வண்டியைவிட மிக அதிகம், பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்ற பயமும் இருந்தது. சிலியின் சான்டியாகோவில் 2018 கடைசியில் முதல் 100 மின்பேருந்துகள் வந்தபோது, ஒரு மின்சார நிறுவனம் பணம் போட்டு வாங்கி, பேருந்துகளை ஓட்டும் நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்த வழி கிடைத்திருக்காவிட்டால் அந்த நகரம் அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது. அதனால் குத்தகையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பணத்தின் சுமையை இறக்கி வைக்கும்போது, தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பையும் சேர்த்து இறக்கி வைத்துவிடுகிறோம். அங்கேதான் எனக்கு ஆட்சேபம்.

எனக்கு நேரில் தெரிந்த ஒரு பணிமனையில் நடந்ததைச் சொல்கிறேன். மழை பெய்த ஒரு இரவு. கடைசி டிரிப் முடித்து வந்த வண்டிகளை வரிசையாக நிறுத்தி, சார்ஜர் கன்னைச் செருகிவிட்டு ஆட்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சார்ஜர் தொகுதி முழுக்கச் சிவப்பு விளக்கு. திரையில் ஒரு பிழை எண். ஈரம் பட்டதால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிட்டது, அவ்வளவுதான். கனெக்டரைத் துடைத்து, இன்சுலேஷனைச் சரிபார்த்து, பிழையை நீக்கினால் மறுபடி ஓடும். அங்கே இருந்த எலெக்ட்ரீஷியனுக்கு அது தெரியும். ஆனால் பிழையை நீக்கும் பக்கத்துக்குள் நுழைய ஒரு கடவுச்சொல் வேண்டும், அது விற்பனையாளரின் ஆளிடம் மட்டுமே இருந்தது. அவர் விடிந்த பிறகு வந்தார். அதற்குள் காலை நேர ஷெட்யூல்களில் பாதி ரத்து. நிறுத்தத்தில் நின்ற மக்கள் பேருந்து நிறுவனத்தைத்தான் திட்டினார்கள். கடவுச்சொல் யாரிடம் இருந்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம் கையில் இருக்க வேண்டிய ஒரு சாவி ஒப்பந்தத்தில் எங்கோ விட்டுப்போனது. குறைகார்பன் திட்டங்கள் மக்களிடம் பெயர் கெடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சீனாவின் ஷென்சென் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2017 முடிவில் அங்கே ஓடிய 16,359 பேருந்துகளும் மின்பேருந்துகளாகிவிட்டன. அந்த எண்ணை எல்லாக் கருத்தரங்கிலும் திரையில் காட்டுகிறார்கள். அங்கே முதல் முயற்சி 2009 வாக்கிலேயே தொடங்கிவிட்டது என்பதைக் காட்டுவதில்லை. 2011-இல் அங்கே உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் நடந்தபோது ஒரு தொகுதி வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் சில ஆண்டுகள் சிறிய அளவில். கடைசி இரண்டு ஆண்டுகளில்தான் மொத்தமாக மாற்றினார்கள். ஷென்சென் பேருந்துக் குழுமமும் குத்தகை முறையில்தான் வண்டிகளை எடுத்தது, சார்ஜ் செய்யும் வேலையையும் வேறு நிறுவனங்களிடம்தான் கொடுத்தது. வண்டி ஓடும் காலம் முழுவதற்கும் பேட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதத்தையும் எழுதி வாங்கியது. மத்திய அரசும் நகர அரசும் பெரிய மானியம் கொடுத்தன, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தடத்துக்கு எந்த வண்டி, எந்த நேரத்தில் எங்கே சார்ஜ், ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் என்ன பயிற்சி என்ற வேலைகளைத் தன் கையை விட்டு அது விடவில்லை. மற்ற நகரங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இனி கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கணக்கு தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் இந்தத் துறையில் பெரிய ஆபத்து.

நெரிசலான நகரத்தில் ஒரு டீசல் பேருந்து லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 3 யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அதே அளவுள்ள 12 மீட்டர் மின்பேருந்துக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போதும். பாதிக்கும் குறைவு. இதுவரை சந்தோஷம்தான். இப்போது புகையைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். ஆக, நம் டீசல் பேருந்து கிலோமீட்டருக்கு 0.9 கிலோ விடுகிறது. மின்பேருந்து 1.3 யூனிட் எடுக்கிறது, அந்த மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து, யூனிட்டுக்கு 0.7 கிலோ என்ற கணக்கில் வருகிறது என்றால்? அதே 0.9 கிலோதான். டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் வழியில் ஆகும் புகையைச் சேர்த்தால் மின்பேருந்து கொஞ்சம் முந்தும், அவ்வளவே. நீர்மின்சாரமோ காற்றாலை மின்சாரமோ அதிகமுள்ள இடத்தில் அதே வண்டி கிலோமீட்டருக்கு 0.1 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

இதைக் காட்டி மின்பேருந்தே வேண்டாம் என்று யாரும் வாதாட வர வேண்டாம். தெருவில் புகையும் இரைச்சலும் குறைவதே பெரிய நன்மை. மின்கட்டமைப்பு ஆண்டுக்கு ஆண்டு சுத்தமாகிக்கொண்டு வரும்போது வண்டியும் கூடவே சுத்தமாகும், டீசல் வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ஆனால் வண்டியை மாற்றியதும் கார்பன் கணக்கு முடிந்துவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதாதீர்கள். எந்த மின்சாரம், எந்த நேரத்து மின்சாரம் என்பது உங்கள் முடிவுக்கு வர வேண்டிய விஷயம். பகலில் சூரிய மின்சாரம் மிதமிஞ்சிக் கிடக்கும் கட்டமைப்பில், எல்லா வண்டியையும் நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் செய்கிறோம் என்றால், அட்டவணை போடுகிற பிரிவும் மின்சாரம் வாங்குகிற பிரிவும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம். காலை நெரிசல் முடிந்து மாலை நெரிசல் தொடங்கும் வரை பல வண்டிகள் சும்மா நிற்கின்றன. அந்த இடைவெளியைச் சார்ஜுக்குப் பயன்படுத்தலாம். அதற்கு ஓட்டுநர் டியூட்டியை மாற்ற வேண்டும், தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒப்பந்ததாரருக்கு இதைச் செய்ய என்ன அக்கறை இருக்கும்?

சார்ஜர் எண்ணிக்கையும் அப்படித்தான். 100 வண்டிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு 200 கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்றால் இரவுக்குள் 24,000 யூனிட் ஏற்ற வேண்டும். வண்டிக்கு ஒரு 120 கிலோவாட் சார்ஜர் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் 12,000 கிலோவாட் தேவை. அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர், கேபிள், உச்சத் தேவைக்கான கட்டணம் எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தொடரும். அதையே ஆறு மணி நேரத்துக்குப் பரப்பினால் 4,000 கிலோவாட் போதும். ஒரு வண்டிக்கு இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, ஆக ஒரு சார்ஜர் இரவில் மூன்று வண்டியைப் பார்த்துக்கொள்ளும், 34 சார்ஜர் போதும். தாளில் அழகாக இருக்கிறது. நடு இரவில் நிரம்பிய வண்டியை நகர்த்தி அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துவது யார்? பணிமனையில் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா? முன்னால் நிற்கும் வண்டி பழுதாகி நகராவிட்டால் பின்னால் இருப்பது எப்படி வெளியே வரும்? ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் இந்தக் கேள்விகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இரவு ஷிப்ட் பார்க்கும் கண்ட்ரோலரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார், சொல்லும்போதே நாலு புதுக் கேள்விகளையும் போடுவார்.

ஓட்டுநர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்பேருந்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாகத் திருப்பிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பிரேக்கைக் கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் அதில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். ஒரே வண்டி, ஒரே தடம், இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் டியூட்டி முடிக்கும்போது பேட்டரியில் தாராளமாக மிச்சம் இருக்கிறது, இன்னொருவர் பயந்துகொண்டே பணிமனைக்குத் திரும்புகிறார். அனுபவமுள்ள ஓட்டுநர் முன்னால் இருக்கும் சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார், நிறுத்தம் வருவதற்கு எவ்வளவு முன்னால் காலைத் தளர்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், இறக்கம் எங்கே தொடங்குகிறது என்பது பழகிப்போயிருக்கும். மென்மையாக நிற்கும் வண்டியில் நின்றுகொண்டு வரும் வயதானவர்களும் விழமாட்டார்கள். இந்தத் திறமையைப் புதிதாக வாங்க வேண்டியதே இல்லை. ஏற்கெனவே உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு டியூட்டியின் முடிவிலும் எத்தனை யூனிட் செலவாயிற்று, எவ்வளவு திரும்பி வந்தது என்ற எண்ணை ஓட்டுநருக்கே காட்டுங்கள். தண்டிப்பதற்காகக் காட்டாதீர்கள், காட்டினால் அடுத்த மாதமே எண்ணை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது அவர்கள் குற்றமாகவும் இருக்காது.

தண்டவாளத்திலும் இதே கதைதான். டெல்லி மெட்ரோ நிறுவனம் ரயில் நிற்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரத்தை முறையாக அளந்து காட்டி, கரியமில வாயுவைக் குறைக்கும் திட்டங்களுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் தூய வளர்ச்சி வழிமுறையில் 2007-இல் பதிவு செய்தது. உலகில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அதுதான். லண்டன் சுரங்க ரயிலின் விக்டோரியா பாதையில் 2015-இல் ஒரு துணைமின் நிலையத்தில், ரயில் நிற்கும்போது கிடைக்கும் மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் இன்வெர்ட்டர் பொருத்திச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் திரும்பக் கிடைத்த மின்சாரம் ஹோல்பர்ன் போன்ற பெரிய நிலையத்தை இரண்டு நாளுக்கு மேல் நடத்தப் போதுமானதாக இருந்தது. இந்திய ரயில்வேயில் நடந்த இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நீண்டதூர ரயில்களில் பெட்டிகளின் விளக்குக்கும் ஏசிக்கும் மின்சாரம் தர, ரயிலின் இரு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டிகள் உறுமிக்கொண்டே போகும். மேலே மின்கம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே டீசல் எரிந்தது. அந்த மின்சாரத்தை இன்ஜின் வழியாகவே பெட்டிகளுக்கு எடுக்க ஏற்பாடு செய்ததும் டீசல் மிச்சமாயிற்று, சத்தம் போயிற்று, ஜெனரேட்டர் பிடித்திருந்த இடத்தில் பயணிகளும் உட்கார முடிந்தது. புதுமை என்று இதற்குப் பெரிய விழா எடுத்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதுதான் உண்மையான புதுமையாகப் படுகிறது.

பழைய தொழில்நுட்பத்தையும் கை கழுவிவிடாதீர்கள். செக் நாட்டின் பிராக் நகரம், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் டிராலி பேருந்துகளை 1972-இல் மூட்டைகட்டி அனுப்பியது. 2017-இல் அதே நகரம் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் மேல்கம்பி போட்டு மறுபடி சோதித்தது. கம்பி இருக்கும் இடத்தில் வண்டி ஓடிக்கொண்டே சார்ஜ் ஆகும், இல்லாத இடத்தில் பேட்டரியில் போகும். தடம் முழுக்கக் கம்பி வேண்டாம், பெரிய பேட்டரியும் வேண்டாம், சார்ஜுக்காக நிற்கவும் வேண்டாம். சோதனை தேறியதும் 2022-இல் ஒரு தடம் முழு டிராலித் தடமாயிற்று, 2024-இல் விமான நிலையத்துக்கு இரட்டை மூட்டு வைத்த நீளமான டிராலிகள் ஓடத் தொடங்கின. நகரத்துக்குச் சொந்தமான நிறுவனம்தான் இதைச் செய்தது. ஜெனீவாவில் பொதுப் போக்குவரத்து நிறுவனமும் நகரின் மின்வாரியமும் இன்னும் சிலரும் சேர்ந்து 2013-இல் வேறொரு வழியைப் பார்த்தார்கள். நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்கும் 15 விநாடிக்குள் 400 கிலோவாட்டில் ஒரு மிடறு சார்ஜ். எந்த ஊருக்கு எது பொருந்தும் என்பதை ஏற்ற இறக்கம், வெயில், குளிர், வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதெல்லாம்தான் தீர்மானிக்கும். வெப்பமும் குளிரும் சின்ன விஷயமில்லை. மாஸ்கோவில் 2020-இல் டிராலிகளை நிறுத்திவிட்டு மின்பேருந்துகளை விட்டார்கள், ஆனால் குளிர்காலத்தில் வண்டிக்குள் சூடேற்ற அவற்றில் டீசல் ஹீட்டர் வைக்க வேண்டியிருந்தது.

மின்சாரத்தை நீங்களே உருவாக்கலாம், அல்லது உருவாகும்படி செய்யலாம். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் தவித்த சுவிட்சர்லாந்தின் அரசு ரயில்வே, போருக்குப் பிறகு மலைப்பாதைகளை விறுவிறுவென்று மின்மயமாக்கி, தனக்கென்று நீர்மின் நிலையங்களையும் கட்டிக்கொண்டது. இன்றைக்கும் அதன் ரயில்களில் பெரும்பகுதி நீர்மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. நெதர்லாந்தின் அரசு ரயில் நிறுவனம் நீண்டகால ஒப்பந்தம் போட்டு, 2017 ஜனவரி 1 முதல் தன் மின்ரயில்கள் அனைத்துக்கும் காற்றாலை மின்சாரத்தை வாங்கத் தொடங்கியது. பத்து ஆண்டுக்கு நிச்சயமாக வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு அரசு நிறுவனத்தால் முடியும், அந்த உறுதியை நம்பி யாரோ ஒருவர் கடன் வாங்கிக் காற்றாலை கட்டுவார். சொந்த நலனுக்காகவே செய்தாலும் அது பொதுக் காரியமாகிவிடுகிறது.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தோல்விகளை மறைக்காதீர்கள்.

பிரான்சின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பேருந்துகளை வாங்கத் திட்டமிட்டிருந்தது. ஓட்டும் செலவு மின்பேருந்தைவிட ஆறு மடங்கு ஆகும் என்று கணக்கு வந்ததும், 2022 ஜனவரியில் மேயரே வெளிப்படையாகச் சொல்லித் திட்டத்தைக் கைவிட்டார். அந்த ஒரு அறிவிப்பு எத்தனை நகரங்களின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று யோசியுங்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாரிஸில் சில வாரங்களுக்குள் இரண்டு மின்பேருந்துகள் தீப்பிடித்தன. யாருக்கும் காயமில்லை. அரசுக்குச் சொந்தமான போக்குவரத்து நிறுவனம் அதே வகை வண்டிகள் 149-ஐயும் உடனே தெருவிலிருந்து எடுத்துவிட்டது, எடுத்ததை ஊருக்கும் சொன்னது. ஃபிலடெல்ஃபியாவில் 2020 பிப்ரவரியில், சட்டகத்தில் விரிசல் கண்டதால் 25 மின்பேருந்துகள் நிறுத்தப்பட்டன. அவற்றைச் செய்த நிறுவனமே 2023 ஆகஸ்டில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஆஸ்லோவில் 2023–24 குளிர்காலத்தில் கடும் குளிரில் பேட்டரித் திறன் குறைந்து பல டிரிப்புகள் ரத்தாயின. இவை எல்லாம் வெளியே தெரிந்ததால்தான் மற்றவர்கள் பாடம் கற்றுக்கொள்ள முடிந்தது.

தனியார் நிறுவனம் தன் தோல்வியை மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது, போட்டியாளர் பக்கத்திலேயே நிற்கிறார். உங்களுக்குப் போட்டியாளர் யார்? பக்கத்து மாநிலத்தின் பேருந்து நிறுவனமா? அவர்கள் வண்டி நின்றால் உங்களுக்கு என்ன லாபம்? ஆனாலும் ஒரு நிறுவனத்தில் பேட்டரி எவ்வளவு வேகமாகத் திறன் இழக்கிறது என்ற கணக்கு, பக்கத்து நிறுவனத்துக்குத் தெரிவதில்லை. இரண்டு பேரும் ஒரே உற்பத்தியாளரிடம் தனித்தனியாகப் பேரம் பேசுகிறார்கள். இருவரைப் பற்றியும் முழுக்கத் தெரிந்தவர் அந்த உற்பத்தியாளர் மட்டும்தான்.

மறைக்கிறவர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. பத்து வண்டி வைத்துச் சோதனை ஓட்டம் நடத்தி, அது சரிப்படவில்லை என்று எழுதினால், வீண்செலவு என்று தணிக்கையில் ஆட்சேபம் வரும். பத்திரிகையில் வரும். கையெழுத்திட்ட அதிகாரி ஓய்வுபெறும் வரை விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார். அதனால் எல்லாச் சோதனைகளும் வெற்றி என்றே முடிகின்றன. துறைச் செயலர்களே, இதை மாற்ற உங்களால்தான் முடியும். சோதனைக்கு என்று தனித் தொகை ஒதுக்குங்கள். அதில் எதைக் கற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், அந்தப் பதில் 'வேண்டாம்' என்றே இருந்தாலும், செலவு நியாயமானது என்று விதியில் சேருங்கள். பத்து வண்டியில் தெரிந்துகொள்ளாததை ஆயிரம் வண்டியில் தெரிந்துகொள்ள நேரும்போது எந்தத் தணிக்கையாலும் பணத்தைத் திருப்பித் தர முடியாது.

பயணிகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதாமல் விடவும் முடியாது. நாற்பது பேரோடு போகும் பழைய டீசல் பேருந்துகூட, தலைக்குக் கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு இருபத்திச் சொச்சம் கிராம்தான் விடுகிறது. அந்த நாற்பது பேரும் தனித்தனிக் காரில் போனால் அது பல மடங்கு. ஆகவே மின்பேருந்துக்குப் பணம் வேண்டும் என்பதற்காக டிரிப்புகளை வெட்டினால், கார்பன் கணக்கில் நீங்கள் பின்னால் போகிறீர்கள். பேருந்துக்குத் தனிப்பாதை ஒதுக்குவது ஒரு தொழில்நுட்பமே இல்லை, வெறும் வெள்ளைக்கோடும் உறுதியும்தான். ஆனால் நெரிசலில் நின்று நின்று போகாத வண்டி, அதே ஆளையும் அதே பேட்டரியையும் வைத்துக்கொண்டு கூடுதல் டிரிப் அடிக்கும்.

பணிமனை ஆட்களின் பயத்தையும் கேளுங்கள். மின்பேருந்தில் ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது, இன்ஜினே கிடையாது. நேற்று வரை அதில் கெட்டிக்காரராக இருந்தவர் இன்று என்ன செய்வார்? அறுநூறு வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளுக்குப் பக்கத்தில் பயிற்சியில்லாத கை போகக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து. ஆனால் பயிற்சி கொடுத்தால், இன்சுலேட்டட் கையுறை மாட்டி, மின்சாரத்தைத் துண்டித்து, மீட்டரால் சோதித்துவிட்டு வேலை செய்ய அவரால் முடியும். பிரேக், சஸ்பென்ஷன், கதவு, ஏசி எல்லாம் எப்படியும் அவருக்குத் தெரிந்தவைதான். கொலம்பியாவின் போகோட்டா நகரம் 2022-இல் தனக்கென்று ஒரு பேருந்து நிறுவனத்தையே தொடங்கி, 195 மின்பேருந்துகளை இறக்கி, பெண் ஓட்டுநர்களைப் பெருமளவில் பயிற்றுவித்து வேலைக்கு வைத்தது. வேலை தெரிந்த ஆட்களைத் தயார் செய்வதும் இந்த மாற்றத்தின் பகுதிதான் என்று அங்கே ஒரு நகர நிர்வாகம் நினைத்தது.

ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் சில வரிகள் இருக்க வேண்டும். பேட்டரியின் ஒவ்வொரு தொகுதியின் வெப்பம், திறன், சார்ஜ் ஏறிய வரலாறு எல்லாம் உங்கள் சர்வருக்கே நேராக வரட்டும். விற்பனையாளர் மாதம் ஒருமுறை அனுப்பும் அழகான வரைபடம் அதற்கு ஈடாகாது. அந்தத் தரவை வேறு அரசு நிறுவனங்களோடு பகிரும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். சார்ஜர்கள் எந்த நிறுவனத்தின் வண்டியோடும் பேசும் பொதுத்தர நெறிமுறையில் இருக்கட்டும். பழுது கண்டறியும் மென்பொருளும் கடவுச்சொல்லும் பணிமனையிலேயே இருக்கட்டும். உற்பத்தியாளர் திவாலானால் அந்த மென்பொருளும் உதிரி பாகங்களின் வரைபடமும் உங்களுக்கு வந்துசேர மூன்றாம் தரப்பிடம் ஒரு பிரதி இருக்கட்டும். ஒப்பந்த ஆண்டுகள் ஓட ஓட, பராமரிப்பு வேலை படிப்படியாக உங்கள் ஆட்களுக்குக் கைமாறும் கால அட்டவணை ஒன்று அதில் இருக்கட்டும். பேருந்துக்கு உதவாத அளவுக்குத் திறன் குறைந்த பேட்டரியை யார் எடுத்துப் போவார்கள், எங்கே பயன்படுத்துவார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கட்டும். இதற்காகக் கிலோமீட்டர் விலை கொஞ்சம் கூடினால் கூடட்டும். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒப்பந்தம் முடியும் நாளில் மறுபடி வெறுங்கையோடு அதே மேசையில் உட்காரும்போது கொடுக்கப்போகும் விலையைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒரு வேண்டுகோள். வரைவு உங்கள் மேசைக்கு வந்ததும் நிதிப் பிரிவுக்கும் சட்டப் பிரிவுக்கும் அனுப்புவீர்கள். அவர்களோடு சேர்த்து, பணிமனை மேலாளர் ஒருவர், இரவு ஷிப்ட் கண்ட்ரோலர் ஒருவர், மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், இரண்டு ஓட்டுநர்கள் ஆகியோரிடமும் ஒரு வாரம் கொடுங்கள். சட்டமொழி புரியாவிட்டால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து விளக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுத்தில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் விற்பனையாளரிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பணிமனைத் தொழிலாளி